என் பேர்ல வந்த ஒரே திருத்தம்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் உங்கள்ல ஒரு பாப்பா எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்துச்சு. நம்ம பேப்பரோட உள்பக்கத்து மூலையில, வரன் விளம்பரத்துக்கு மேல, பெட்டி கட்டி வந்த நாலு வரி. மேல 'திருத்தம்'னு தலைப்பு, கீழ என் பேரு. "மேடம், உங்க சர்வீஸ் பூரா தேடிட்டோம், திருத்தம்னு ஒண்ணே ஒண்ணுதான் கெடைச்சுது, இது எப்படி ஆச்சு?"ன்னு கேட்டு, பின்னால ஒரு சிரிப்புப் பொம்மை வேற. கேளுங்க, தப்பில்ல. நானும் உங்க வயசுல பெரியவங்க எங்க வழுக்கி விழுந்தாங்கன்னுதான் முதல்ல தேடுவேன்.

இத்தனை நாள் யாருகிட்டயும் இதை நான் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்னா காரணம் இருக்கு. இந்த விஷயம் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருக்கக்கூடிய ஒருத்தங்க போன மார்கழியில போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் இருக்கிற ஒருத்தி, "இனிமே சொல்லிக்கலாம்க்கா, பேரை மட்டும் மாத்திக்குங்க"ன்னுட்டா. அதனால பேரை மாத்தித்தான் சொல்றேன். எந்த நாட்டுச் சண்டைன்னும் சொல்லப் போறதில்ல. சொன்னா உடனே, யாரு பக்கம் நியாயம்னு ஆரம்பிச்சிடுவீங்க. கடலோரத்துல ஒரு துறைமுக ஊரு. நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேரு பொழைப்புக்குப் போன ஊரு. அது போதும்.

நான் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரி. சின்ன வயசுல போர்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்கூல்ல கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டின ரஞ்சன்குடி கோட்டைதான். மதில் மேல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சண்டைன்னா என்னிக்கோ முடிஞ்சு போனது, அதுமேல ஆடு மேயும், நாம புளியோதரை சாப்பிட்டுட்டு வந்துடலாம்னு நெனச்சவ நான். அப்படிப்பட்டவளைத்தான் ஊர் ஊரா குண்டு விழற எடமாப் பாத்து அனுப்பி வச்சாங்க.

வேலைக்குச் சேர்ந்தப்ப டெல்லி ஆபீஸ்ல எனக்கு மேல ஒருத்தர் இருந்தாரு. சிடுமூஞ்சி. நான் எழுதினதைப் பாராட்டி அவர் வாயைத் திறந்து நான் பாத்ததில்ல. அவரு ஒரு சட்டம் வச்சிருந்தாரு. செத்தவன் பேரை எழுதணும்னா ரெண்டு வாய் சொல்லணும், அதுல ஒண்ணு அவன் வீட்டு வாயா இருக்கணும். வீட்டுக்குத் தெரியாம பேப்பர் பாத்து ஒரு பொம்பளை தாலி அறுக்கக் கூடாதும்மான்னு சொல்லுவாரு. நல்ல சட்டம். நானும் அப்படியே புடிச்சுக்கிட்டேன். மத்தவங்க முந்திக்கிட்டாலும் பரவாயில்லன்னு காத்துக்கிட்டு இருந்து எழுதியிருக்கேன். அதனாலதான் இது ஒண்ணைத் தவிர என் பேர்ல திருத்தமே வரல. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் துறைமுக ஊருல, கிடங்குக்குப் பக்கத்துல தொழிலாளிங்க தங்கற தகரக் கொட்டகை வரிசை இருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம் அதுமேல ஏவுகணை விழுந்துடுச்சு. எத்தனை பேருன்னு யாருக்கும் தெரியல. ஆள் வச்சிருந்த காண்ட்ராக்டர் அதுக்கு முன்னாடியே ஓடிட்டான். தப்பிச்சவங்க ஆளுக்கொரு திசையில போயிட்டாங்க. நம்ம தூதரகமும் வேற ஊருக்கு எடம் மாத்திட்டாங்க. கேக்க ஒரு நாதி இல்ல.

மறுநாள் அங்க ஆஸ்பத்திரியிலேருந்து எனக்கு ஆள் வந்துச்சு. பிணவறையைப் பாத்துக்கிற மனுசனுக்கு, இந்தியாவிலேருந்து ஒரு பொம்பளை வந்து செய்தி எழுதறான்னு யாரோ சொல்லியிருக்காங்க. போனேன். கரண்ட் கிடையாது. அந்த மனுசன் ஒரு துணியை விலக்கி இடுப்பைக் காட்டி, இது என்னன்னு சைகையில கேட்டாரு. முகமெல்லாம் சொல்ல வேணாம், அடையாளம் சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. இடுப்புல மட்டும் ஒரு சிவப்புக் கயிறு, அதுல ஒரு செம்புத் தாயத்து. அவருக்கு அது என்னன்னு புரியல. எத்தனையோ நாட்டு ஆளுங்களைப் பாத்தவரு, இடுப்புக்கு எதுக்குய்யா கயிறுன்னு அவருக்கு ஆச்சரியம்.

எனக்கு எப்படிப் புரியாம இருக்கும்? அரைஞாண் கயிறு. பொறந்த கொழந்தைக்குக் கட்டறது, கட்டையில போறப்பதான் அறுக்கறது. இது நம்ம ஊரு ஆம்பளைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த எடத்துல நான் அழுதேன். வேலையில இருக்கறப்ப அழக்கூடாதுன்னு உங்களுக்கு யாராவது பாடம் எடுத்தா நம்பாதீங்க.

அன்னிக்குச் சாயங்காலமே நம்ம ஊர் டிவி ஒண்ணுல பேரே ஓட ஆரம்பிச்சிடுச்சு. கொட்டகையில பாதி எரிஞ்ச பாஸ்போர்ட் ஒண்ணு கெடைச்சிருக்கு. அதுல இருந்த பேரு சின்னதுரை, குன்னம் பக்கத்து ஆளு. பாஸ்போர்ட் கெடைச்சா ஆள் செத்துட்டான்னு அவங்களே முடிவு கட்டிட்டாங்க. பொழைச்சவன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக்கிட்டா ஓடுவான்? சென்னை டெஸ்க்குலேருந்து எனக்குப் போன் மேல போன். உடம்பைப் பாத்தவ நீ ஒருத்திதான், அது அவன்தான்னு எழுதிக் குடு, முதல் பக்கம் நிறுத்தி வச்சிருக்கோம்னாங்க.

நான் முடியாதுன்னேன். அந்தக் கொட்டகையில தமிழ் ஆளுங்க இன்னும் பல பேரு இருந்திருக்காங்க, எத்தனை பேரு இடுப்புல கயிறு இருந்துச்சோ. எழுதினது என்னன்னா, தமிழர் ஒருத்தரோட உடல்னு தெரியுதுன்னு மட்டும்தான். கயித்தோட நிறத்தையும் தாயத்தையும் எழுதல. இது நீங்க கத்துக்க வேண்டிய விஷயம். ஒரு அடையாளத்தை எப்பவும் எழுதாம கையில வச்சுக்கணும். நாளைக்கு ஒருத்தர் வந்து எங்க ஆளுன்னு சொன்னா, சரி பாக்க அது ஒண்ணுதான் இருக்கும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. ரெண்டு நாள்ல ஒரு கப்பல் கெளம்புது, அதுக்கப்புறம் எப்பன்னு தெரியாதுன்னாங்க. பேர் தெரிஞ்ச உடம்புங்களை அதுல ஏத்தி ஊருக்கு அனுப்புவாங்க. பேர் தெரியாததை அங்கயே புதைச்சிடுவாங்க. ஆக, அது சின்னதுரைதான்னா அவன் மண்ணுக்கு வந்து சேரணும். இல்லன்னா, உசுரோட இருக்கிறவன் வீட்டுக்கு நான் பொணத்தை அனுப்பி வச்ச பாவி ஆயிடுவேன். ரத்தம் எடுத்துச் சோதிச்சுப் பாக்கறதெல்லாம் கரண்ட் இருக்கிற ஊர்ல நடக்கிற கதை.

நம்ம பெரம்பலூர் நிருபர் மூலமா சின்னதுரை சம்சாரத்தோட நம்பரை வாங்கினேன். அவ பேரு பூங்கொடின்னு வச்சுக்குங்க. டிவியில பேர் ஓடி, வீட்டுல கூட்டம் கூடிப் போயிருக்கு. போன் எடுத்தவுடனே பின்னாடி ஒப்பாரி கேக்குது. கொல்லைப்பக்கமா வாம்மா, தனியாப் பேசணும்னேன். வந்தா.

இங்கதான் நான் ரொம்பக் கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு ஒரு வேலை செஞ்சேன். நம்ம பக்கத்துல ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட, உன் புருசன் இடுப்புக் கயிறு என்ன நிறம்னு கேட்டா என்ன அர்த்தம்? கேள்வியே சேதி. உசுரோட இருக்கிறவன் இடுப்பை யாரு பாத்தா? அதனால நேரா அதைக் கேக்கல. உயரம் என்ன, பழைய தழும்பு ஏதாவது உண்டா, கையில பச்சை குத்தியிருக்கா, மோதிரம் போடுவாரான்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே வந்து, நடுவுல செருகற மாதிரி, அரைஞாண் கயிறு கட்டுவாராம்மா, என்ன நிறம்னு கேட்டேன்.

மத்ததுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னவ, அதுக்கு மட்டும் ஒரு மூச்சு நின்னா. முன்பின் தெரியாத ஒருத்தி, புருசனோட இடுப்பைப் பத்திக் கேக்கறா, கூச்சப்படுறான்னு நான் நெனச்சேன். நான் பொறந்து வளர்ந்த ஊருப் பொண்ணுங்க அப்படித்தான் கூச்சப்படும். வேற ஊர்க்காரி யாராவது கேட்டிருந்தா, இவ ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறான்னு சந்தேகப்பட்டிருப்பா. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"கறுப்புங்கக்கா. தாயத்தெல்லாம் கெடையாது."

தாயத்தைப் பத்தி நான் கேக்கவே இல்ல. பிள்ளைகளா, அதை நான் அப்ப கவனிக்கல. எத்தனை தளபதிங்க, எத்தனை மந்திரிங்க வாயிலேருந்து வந்த பொய்யை அந்த எடத்துலேயே புடிச்சவ நான். கேக்காததுக்குப் பதில் சொல்றவன் எதையோ மறைக்கிறான்னு கூட்டம் கூட்டமாப் பசங்களுக்குப் பாடம் எடுத்தவ. ஒரு போன்ல, ஒரு வரியில, கோட்டை விட்டேன். எனக்கு அந்தப் பதில் சந்தோஷமா இருந்துச்சு. அது அவன் இல்ல, அந்தப் பொண்ணு வீட்டு விளக்கு அணையல. சந்தோஷம் வந்த எடத்துல நான் சோதிக்கறதை நிறுத்திட்டேன். ரெண்டாவது வாய் வீட்டு வாயா இருக்கணும்னு என் பெரியவர் சொன்னாரு. வீட்டு வாய்தான் உலகத்துலேயே அதிகமா இழக்க வேண்டியிருக்கிற வாய்னு அவரும் சொல்லல, எனக்கும் தோணல.

அன்னிக்கு எழுதினேன். குன்னம் பக்கத்துத் தொழிலாளி இறந்ததா வந்த தகவல் சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்கிற உடலோட அடையாளங்கள் அவரோட பொருந்தலன்னு. டிவிக்காரங்க சத்தமில்லாமப் பேரை எடுத்துட்டாங்க. டெஸ்க்குல என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. கப்பல் போயிடுச்சு.

பேர் தெரியாத உடம்புங்களை ஊருக்கு வெளியில வரிசையா குழி வெட்டிப் புதைச்சாங்க. நான் போனேன். செய்திக்காகப் போகல, எழுத அதுல ஒண்ணும் இல்ல. எந்தத் தாய் பெத்த புள்ளையோ, நம்ம ஊர்க்காரி ஒருத்தி நிக்கட்டுமேன்னு போனேன். அரிசிக்கு எங்க போறது, அந்தச் சிவப்புக் கயித்துக்காரன் குழியில ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டேன். அந்த ஊர் மண்ணு வெள்ளையா, உப்பு மாதிரி கையில ஒட்டும். கொஞ்ச நாள்ல சண்டை அந்தப் பக்கம் நகர்ந்து, அந்த எடத்துக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் போக முடியல.

அந்த வருசக் கடைசியில ரிட்டையர் ஆகி அரியலூர்ல வந்து உக்காந்தேன். வீட்டு வாசல்ல நாள் பூரா சிமெண்ட் லாரி, துணி காயப்போட்டா சாம்பலாத் திரும்பி வரும். அதுக்கு நடுவுல ஒரு நாள் நம்ம பெரம்பலூர் நிருபர், ஒரு பை நிறைய சின்ன வெங்காயம் கொண்டாந்து வச்சாரு. சின்னதுரையோட அம்மா குடுத்து விட்டாங்களாம். 'எம் புள்ள சாகலன்னு எழுதின மகராசி'க்காம். அவன் வந்துட்டானான்னு கேட்டேன். இல்ல மேடம், சேதியே இல்லன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. தப்பிச்சு ஓடின மத்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா ஊர் வந்து சேர்ந்துட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

மறுநாளே கெளம்பிட்டேன். குன்னத்துல எறங்கி, அங்கேருந்து டவுன் பஸ். ரெண்டு பக்கமும் மக்காச்சோளம் காஞ்சு நின்னுச்சு. அந்த அம்மாவுக்கு அஞ்சலைன்னு பேர் வச்சுக்குவோம். பருத்தி எடுக்கப் போயிருந்தவங்க, ஆள் சொல்லி, மடியில பஞ்சு ஒட்டிக்கிட்டு ஓடியாந்தாங்க. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்க. மவன் எங்கயோ ஜெயில்ல கெடக்கறான், சண்டை முடிஞ்சா விட்டுடுவாங்கன்னு கோயில்ல குறி சொன்னாங்களாம். பேச்சு வாக்குல அவங்க சொன்னது இது:

"ஏம்மா, அவன் பொறப்படறன்னிக்கு எங்க கொலசாமி கோயில்ல வச்சு நாந்தான் செவப்புக் கயிறு கட்டிவுட்டேன், தாயத்து கோத்து. நீ பாத்த ஒடம்புல கறுப்புக் கயிறுன்னு எங்க பூங்கொடிகிட்ட சொன்னியாம்ல. அப்பவே எனக்கு உசுரு வந்துச்சு."

நான் எந்த நிறத்தையும் அவகிட்ட சொல்லவே இல்ல; நிமிர்ந்து பாத்தேன். பூங்கொடி வாசப்படியில சொம்புத் தண்ணியோட நிக்கறா. தலை நிறைய மல்லிப்பூ. அவ என்னைப் பாக்கல, சொம்பைப் பாத்துக்கிட்டு நின்னா. தண்ணி தளும்பிக் கால்ல ஊத்துது, அது கூடத் தெரியாம நிக்கறா.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். குண்டு விழறப்ப என்ன செய்யணும்னு எல்லாரும் சொல்லித் தருவாங்க. ஒரு வீட்டுல, ஒரு தாய் உன் கையைப் புடிச்சுக்கிட்டு இருக்கறப்ப, நீ எழுதினது பொய்னு உனக்கு மட்டும் தெரிய வந்தா என்ன செய்யணும்னு ஒருத்தனும் சொல்லித் தரமாட்டான். எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சிவப்புதாம்மா நான் பாத்ததுன்னு. முழுங்கிட்டேன். சொம்பை வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சேன். உண்மையைச் சொல்றதுக்கு முன்னால, அது யாரு தலையில போய் விழும்னு பாக்க ஒரு சொம்புத் தண்ணி நேரமாவது எடுத்துக்குங்க.

பஸ் ஏத்திவிட வந்தா பூங்கொடி. ஸ்டாப்புல புளியமரத்துக்கிட்ட நின்னப்ப, நான் ஏம்மான்னு மட்டும் கேட்டேன்.

"நீங்க கயித்தைக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. செவப்புன்னு சொல்லியிருந்தா அவரு அன்னிக்கே செத்துருப்பாரு. கறுப்புன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படித் திருப்பிச் சொல்றதுன்னு தெரியல."

கப்பல் விஷயம் அவளுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சிருக்கு. அது அவரா இல்லாம இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா. அந்த வார்த்தையால கட்டினவனை அந்நிய மண்ணுல பேர் இல்லாமப் புதைக்க வச்சிட்டோம்னு தினம் தினம் செத்துக்கிட்டு இருந்திருக்கா. அதோட நிக்கல. மாமியார் வெள்ளிக்கிழமை தவறாம பூ வாங்கியாந்து, எம் புள்ள வர்றப்ப நீ மொட்டைத் தலையா நிக்கக் கூடாதுன்னு அவங்க கையாலயே வச்சுவிடறாங்களாம். வேணாம்னு சொல்ல இவளுக்கு வாயில்ல. செத்தவனுக்கு ஒரு திதி இல்ல, ஒரு படையல் இல்ல. முடியலக்கா, பூவு நெருப்பாட்டம் இருக்குக்கான்னு அழுதா. அவ அழறதைப் பாத்து நானும் அழுதேன். பஸ் வந்துச்சு, போயிடுச்சு.

அப்புறம் அவ கேட்டா. நீங்க சொன்னா எங்க அத்தை நம்புவாங்க. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, எம் புள்ள ஒடம்பை எனக்கு இல்லாம பண்ணிட்டியேன்னு கேப்பாங்க, நான் என்ன பதில் சொல்லுவேன். நீங்கதான் கயித்தை மாத்திச் சொல்லிட்டதா சொல்லிடுங்கக்கா. கும்பிட்டா.

உடனே சரின்னு சொல்லலங்க நான். பெரிய மனசுக்காரின்னு நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அவமேல கோவப்பட்டேன். நாடு நாடாச் சுத்தி, சோறு தண்ணி இல்லாம, ஒரு எழுத்து தப்பில்லாம சம்பாதிச்ச பேரு. அதைக் கொண்டு போய் அவ பொய்க்கு அண்டக் குடுக்கணுமா? அவ பண்ணது தப்பு, அவ சொல்லட்டும், தைரியம் வேணும். இப்படியெல்லாம் எனக்கு நானே பேசிக்கிட்டேன். ஆனா அந்த ஒரு மூச்சு நேரம் காதை விட்டுப் போகல. அவ பொய் சொன்னா, சரி. அந்த மௌனத்தைக் கூச்சம்னு படிச்சது யாரு? கேக்காத தாயத்துக்குப் பதில் வந்தப்ப காதை எங்க வச்சிருந்தேன்? புருசன் செத்துட்டான்னு நொடியில தெரிஞ்சுக்கிட்ட ஒரு பொண்ணு, அந்த நொடியில எனக்குச் சாட்சி சொல்லணும்னு எதிர்பாத்தது நான்தானே. அவ பொண்டாட்டி. நான்தான் நிருபர்.

நம்ம பேப்பருக்கு எழுதி அனுப்பினேன். உடலின் அடையாளத்தை நான் தவறாகக் குறித்துக்கொண்டேன், அது சின்னதுரையுடையதே என்று இப்போது தெரிய வருகிறது, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதான் அந்த நாலு வரி. டெஸ்க்குல நம்பவே இல்ல, நீங்களா மேடம்னு கேட்டாங்க. வயசாகுதுல்லன்னு சொல்லி வச்சேன். ஆசிரியருக்கும் உண்மை இன்னிக்குத்தான் தெரிய வரும், திட்டட்டும். இதைப் படிச்சுட்டு, ஓ நல்லதுக்குன்னா பொய் எழுதலாம் போலன்னு உங்கள்ல எவனாவது நெனச்சான்னா, அரியலூர்லேருந்து வந்து காதைத் திருகுவேன்.

பேப்பரை எடுத்துக்கிட்டு நானே போனேன். பேப்பர் பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது, அந்தச் சட்டத்தையாவது காப்பாத்தணும்ல. அஞ்சலையம்மா வெங்காயம் காய வச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் சிரிச்சாங்க. உக்காரச் சொன்னாங்க. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். தப்பு என்னுதும்மா, நான் பாத்தது சிவப்புக் கயிறுதான், தாயத்தும் இருந்துச்சு, உங்க மருமவகிட்ட நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னேன்.

கையில இருந்த வெங்காயத்தைக் கீழ வச்சாங்க. அப்புறம் எழுந்தாங்க. அவங்க என்னைப் பேசின பேச்சையெல்லாம் இங்க எழுத முடியாது. நீ வெளங்குவியா, ஒனக்குப் புள்ள இருக்கா, பெத்திருந்தா தெரியும், கப்பல் வந்து நின்னும் எம் புள்ளைய மண்ணுக்கு வராமப் பண்ணிட்டியேடி பாவின்னு ஆரம்பிச்சு, ஊரே கூடற வரைக்கும் பேசினாங்க. வெங்காயத்தை வாரி என்மேல எறிஞ்சாங்க. பூங்கொடி சுவத்தோட ஒண்டி உக்காந்து வாயில துணியை வச்சுக்கிட்டு அழறா. அவ எழுந்து வாயைத் திறந்துடுவாளோன்னு எனக்குப் பயம். வேணாம்னு கண்ணைக் காட்டினேன். நான் அசையல. வாங்கிக்கத்தானே வந்தேன்.

கடைசியில அவங்களுக்குத் தெம்பு போய், அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. ஊர்ப் பொம்பளைங்க சுத்தி உக்காந்து கட்டிக்கிட்டு அழுதாங்க. நான் கெளம்பலாம்னு திரும்பினப்ப, தலையைத் தூக்காம ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஆராவது வாய்க்கரிசி போட்டாங்களா?"

அரிசி இல்லம்மா, அங்க கெடைக்கல. ஒரு கைப்பிடி மண்ணு நான் போட்டேன்னு சொன்னேன். அப்ப அது உங்க புள்ளைன்னு தெரியாது, தெரியாமலே போட்டேன்னேன்.

என்னைக் கிட்ட வரச் சொன்னாங்க. போய்க் குனிஞ்சேன். என் வலது கையைப் புடிச்சு, விரிச்சு, உள்ளங்கையை ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இந்தக் கையாலயா?"

ஆமாம்மான்னேன். அந்தக் கையைத் தூக்கித் தன் கண்ணுல வச்சு ஒத்திக்கிட்டாங்க. ரெண்டு கண்ணுலயும்.

அன்னிக்கு அந்த வீட்டுல அவங்க நிம்மதிக்குன்னு நான் சொன்னதுல, நான் கண்ணால பாத்து, கையால செஞ்சு, தைரியமா என் பேரைப் போட்டு எழுதக்கூடியது அந்த ஒரு கைப்பிடி மண்ணு ஒண்ணுதான். அதை நான் எந்தப் பேப்பர்லயும் எழுதல.